இரண்டு பேரும் ஏமாற்றும் கதையில் ஏமாந்தது யார்?

வாசகர் ஒருவரின் கேள்வி: "இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கவிழ்க்கப் பார்க்கும் சைக்கலாஜிக்கல் த்ரில்லர்களில் எனக்கு ஒரு குறை உண்டு. கடைசியில் ஒருவன் மூளைக்காரன், மற்றவன் முட்டாள் என்று ஆகிவிடுகிறது. இரண்டு பேரும் சரிசமமாக ஏமாற்றி, சரிசமமாக ஏமாந்த கதை இருக்கிறதா? 'தி பிரெஸ்டீஜ்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அதில் போர்டன் ஜெயித்துவிடுகிறான்."

ஏப்ரல் 27, 2024, இரவு

'தி பிரெஸ்டீஜ்' என்றுதான் சொல்லப்போகிறேன். போர்டன் எங்கே ஜெயித்தான்? அவனில் பாதியைத் தூக்கில் போட்டுவிட்டார்களே.

கிறிஸ்டோபர் பிரீஸ்ட் 1995இல் எழுதிய நாவல், 2006இல் நோலன் படமாக எடுத்தார். ஆஞ்சியர், போர்டன் என்று இரண்டு மேஜிக்காரர்கள். படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மேடைக் காட்சிகளை அல்ல, டைரிகளை. போர்டனின் டைரி ஆஞ்சியர் கைக்கு வருகிறது. சங்கேதத்தில் எழுதியது. அதைத் திறக்கும் சொல்லுக்காக போர்டனின் உதவியாளைக் கடத்தி, உயிரோடு பெட்டியில் புதைக்கிறான். 'டெஸ்லா' என்ற சொல் கிடைக்கிறது. டெஸ்லா ஒரு மின்சார விஞ்ஞானி. அவரைத் தேடி அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் வரைக்கும் போகிறான். பணத்தைக் கொட்டுகிறான். கடைசிப் பக்கங்களுக்கு வரும்போதுதான் தெரிகிறது, அந்த டைரியே இவன் படிக்கட்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பியது. டெஸ்லா டைரிக்குத்தான் சாவி, வித்தைக்கு இல்லை.

அப்புறம் சிறையில் போர்டன் உட்கார்ந்து ஆஞ்சியரின் டைரியைப் படிக்கிறான். அதுவும் கடைசியில் அவன் பெயரைச் சொல்லியே பேசுகிறது. சரிசமம் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

ஏப்ரல் 27, பத்து நிமிடம் கழித்து

படம் பார்க்காதவர்கள் மேலே உள்ளதைப் படிக்காமல் இருந்திருக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பஸ் கிளம்பியபிறகு சொல்கிறேன்.

ஏப்ரல் 28

டைரிக் காட்சியில் நான் இவ்வளவு ஒட்டிக்கொள்வதற்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது.

1998. பிளஸ் டூ. வீடு சத்துவாச்சாரி, டியூஷன் காட்பாடி காந்தி நகரில். தினம் பாலாற்றுப் பாலத்தின் மேல் சைக்கிள். ஆறு என்று பெயர்தான், கீழே மணல். வகுப்பில் எனக்கும் இன்னொருவனுக்கும்தான் முதல் ரேங்க் சண்டை. அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அட்டை. பரீட்சை அட்டை இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது என்பது ஒரு காரணம். ஒட்டினால் விடமாட்டான் என்பது இன்னொன்று.

கெமிஸ்ட்ரி நோட்டைச் சைக்கிள் கேரியரில் மாட்டிவிட்டு, சார் வீட்டுக் குழாயில் தண்ணீர் குடிக்கப் போவேன். திரும்பி வந்தால் நோட்டு அங்கேயே இருக்கும், ஆனால் தலைகீழாக இருக்கும். ஒருநாள் பக்கத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கறை, கட்டைவிரல் அகலத்துக்கு. டியூஷனுக்கு வரும் வழியில் மசால் வடை தின்கிறவன் எங்களில் ஒருவன்தான்.

அன்று இரவு உட்கார்ந்து கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு கேள்விகள் எழுதினேன். எல்லாமே வராது என்று நான் அடித்துச் சொல்லக்கூடியவை. மேலே "சார் சொன்னது, வெளியே விடாதே" என்று எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன்.

பரீட்சையில் அந்தப் பன்னிரண்டில் மூன்று வந்தன. எனக்கு 187. அட்டைக்கு 189.

பொய் என்று நினைத்து போர்டன் கொடுத்த 'டெஸ்லா'வும் இப்படித்தான். ஆளைத் திசைதிருப்பக் கொடுத்த பெயர், அங்கே போனால் அந்த ஆள் நிஜமாகவே ஆளை நகலெடுக்கும் மெஷின் செய்து கொடுத்துவிடுகிறார். நிஜ டெஸ்லாவும் 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார் என்பதால் அந்த இடம் எனக்கு இன்னும் பிடிக்கும்.

ஏப்ரல் 29

தனிச்செய்தியில் ஒருவர் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடக வில்லன் யாகோவைக் கொண்டுவந்திருக்கிறார். ஒத்தெல்லோவைப் போட்டிக் கதையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. யாகோ சதுரங்கம் ஆடுகிறான், எதிரே இருப்பவருக்கோ பலகை இருப்பதே தெரியாது. கைக்குட்டையை வைத்துக் குடும்பத்தை அழித்தது கெட்டிக்காரத்தனம்தான், போட்டி இல்லை. போட்டி என்றால் இரண்டு பேருக்கும் பசி இருக்க வேண்டும்.

வேண்டுமென்றால் துரோணரைச் சொல்லுங்கள். "அசுவத்தாமன் இறந்தான்" என்று தருமர் சொன்னது யானையை. கேட்டவருக்கு மகன். தருமர் பொய்யே சொல்லாதவர் என்ற பெயரைத்தான் அன்று ஆயுதமாக எடுத்தார்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் துரோணர் வில்லைக் கீழே வைத்திருக்கமாட்டார்.

மே 1

திருத்தம். வேறு ஒரு இழையில் நான், 'பிரெஸ்டீஜ்' படத்தில் மீன்தொட்டி வித்தை செய்யும் சீனக் கிழவர் கற்பனைப் பாத்திரம் என்று எழுதியிருந்தேன். தப்பு. சுங் லிங் சூ நிஜமாகவே இருந்தவர். ஆனால் சீனர் இல்லை! வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர்.

இந்தக் கதை படத்தைவிட மேல். சிங் லிங் ஃபூ என்று ஒரு அசல் சீன வித்தைக்காரர் 1898இல் அமெரிக்கா வந்தார். வெறுந்துணிக்குள்ளிருந்து தண்ணீர் நிறைந்த பெரிய கிண்ணத்தை எடுப்பது அவர் வித்தை. அதைச் செய்துகாட்டுகிறவருக்கு 1000 டாலர் என்று அறிவித்தார். ராபின்சன் செய்துகாட்ட வந்தபோது வாய்ப்புத் தரவில்லை. சரி என்று ராபின்சன் தலையை மழித்து, சடை வைத்து, பட்டு அங்கி மாட்டி, 1900இல் ஐரோப்பாவில் சீனராகவே மேடையேறிவிட்டார். பெயரைக்கூட அசல் பெயரிலிருந்து நூலிழை தள்ளி வைத்துக்கொண்டார். மேடையில் ஆங்கிலம் பேசமாட்டார். பேட்டிக்கு வருபவர்களிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுவார்.

1905இல் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் லண்டனில். இவன் போலி, முடிந்தால் என் வித்தைகளைச் செய்துகாட்டட்டும் என்று அசல் சவால்விட்டார். குறித்த நாளில் போலி வந்து நின்றார். அசல் வரவில்லை.

போலியின் முடிவு 1918இல், லண்டன் உட் கிரீன் எம்பயர் அரங்கில். தோட்டாவைப் பிடிக்கும் வித்தை. துப்பாக்கியில் நிஜக் குழல் வெடிக்காமல், கீழே கம்பி செருகும் குழல் மட்டும் வெடிக்கும்படி ஏற்பாடு. வருஷக்கணக்கான தேய்மானத்தில் தீ நிஜக் குழலுக்குள் கசிந்துவிட்டது. தோட்டா நெஞ்சில். மேடையில் முதல்முறையாக ஆங்கிலத்தில் கத்தினார், திரையை இறக்கச் சொல்லி. மறுநாள் இறந்துபோனார்.

படம் 1890களில் நடக்கிறது, சூ என்ற வேஷம் பிறந்தது 1900இல். நோலனுக்கும் ஒரு திருத்தம் போட்டுவிட்டேன், கணக்கு நேர்.

மே 2

அட்டை விஷயத்தை முழுதாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

2011இல் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். பதின்மூன்று வருஷம் கழித்துப் பந்தியில் பக்கத்து இலையில் அட்டை. தலையில் முடி போயிருந்தது, கையில் அட்டை இல்லை, மற்றபடி அவனேதான். சோற்றில் குழி பறித்து ரசம் வாங்கிக்கொண்டே ஆரம்பித்தான்.

"இன்னா மச்சி, சிவப்புல கோடு போட்டா நம்பிடுவேனா? நீ எந்தக் காலத்துலடா முக்கியமானதுக்குச் சிவப்பு போட்ட? பென்சில்லதான் போடுவ."

எனக்குச் சோறு இறங்கவில்லை.

"வராதுன்னு நீ நினைச்சதுல எனக்கும் தெரியாதது மூணு இருந்துச்சு. அதை மட்டும் படிச்சேன். அவ்ளோதான்."

அதோடு நிறுத்தியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். "உனக்கும் ஒண்ணு வெச்சேனே, தெரியாதா?" என்றான். என்னடா என்றேன். பாயசம் வந்துவிட்டது. அவன் மாமனார் கூப்பிட எழுந்து போனவன் அப்புறம் கண்ணில் படவே இல்லை.

அவன் வைத்தது என்ன என்று நான் பல வருஷம் யோசித்தேன். கடைசியில் தோன்றியது இது: அந்த வருஷம் கோஆர்டினேஷன் காம்பவுண்ட்ஸ் பாடத்தை நான் முழுதாக விட்டுவிட்டேன். அவன் நோட்டில் அந்தப் பாடத்துக்கு மட்டும் நான்கு பக்கம் வெற்றாக இருந்தது. அட்டையே விட்டுவிட்டான் என்றால் வராது என்று முடிவுகட்டினேன். வந்தது.

மே 2, இரவு

"நீங்கள் எப்படி அவன் நோட்டைப் பார்த்தீர்கள்?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

பதில் நாளைக்கு.

மே 5

நாளைக்கு என்று சொல்லி மூன்று நாள் ஆகிவிட்டது. கத்திரி வெயில் நேற்று ஆரம்பித்தது, வேலூரில் அதற்கு முன்பே ஆரம்பித்தாயிற்று. நேற்று இரவு ட்யூப்லைட் துடிக்கிறது, அணைகிறது, மறுபடி துடிக்கிறது. மேல் வீட்டில் ஏசி போடும் ஒவ்வொரு முறையும் எங்கள் ஃபேன் ஒரு சுற்று தளர்கிறது. வோல்டேஜ்.

இதை வைத்தே ஒரு த்ரில்லர் இருக்கிறது. பாட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய 'கேஸ்லைட்' நாடகம். 1944இல் வந்த படத்தில் இங்க்ரிட் பெர்க்மன். கணவன் ரகசியமாக மாடியில் விளக்கேற்றி நகை தேடுகிறான், அதனால் கீழே மனைவியின் அறையில் கேஸ் விளக்கு மங்குகிறது. மங்குகிறதே என்று அவள் சொன்னால், உனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்கிறான். வேலூர்க்காரியாக இருந்திருந்தால் முதல் நாளே "மேல யாரு ஸ்விட்ச் போட்டது" என்று கேட்டிருப்பாள், படம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இல்லை, அப்படியும் சொல்ல முடியாது. எங்கள் கோட்டைக்குள்ளேயே அது நடந்திருக்கிறது. 1806 ஜூனில், புரட்சிக்கு முன்பு, முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், இப்படி ஒரு திட்டம் நடக்கிறது என்று சொல்லிவிட்டான். ஃபோர்ப்ஸ் விசாரிக்கும் பொறுப்பை இந்திய அதிகாரிகளிடமே விட்டார். அவர்களில் திட்டம் போட்டவர்களே இருந்தார்கள். இவனுக்குப் பைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள், சொன்னவனைப் பிடித்து அடைத்தார்கள். ஜூலை 10 விடியலுக்கு முன் கோட்டையில் துப்பாக்கிகள் வெடித்தன.

புரட்சியைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு, அது வேறு. ஆனால் பள்ளிக்கூடத்தில் கோட்டைக்கு அழைத்துப் போனபோது அகழியைக் காட்டினார்கள், ஜலகண்டேஸ்வரரைக் காட்டினார்கள், இந்த ஆளைச் சொல்லவே இல்லை. அடைபட்ட அந்த நாட்களில் அவனுக்கே ஒருவேளை சந்தேகம் வந்திருக்குமோ, நாம் கேட்டது கனவோ என்று?

மே 6

சரி. நோட்டு.

அவன் சைக்கிளிலும் கேரியர் இருந்தது.

மே 7

நேற்றைய ஒரு வரிக்கு வந்த திட்டுகளைப் படித்தேன். நியாயம்தான். ஏப்ரல் 28ஆம் தேதிக் குறிப்பில் நான் பாதிக்கப்பட்டவன் மாதிரியும் அட்டை திருடன் மாதிரியும் எழுதியிருக்கிறேன். இரண்டு பேரும் பார்த்தோம். நான் எண்ணெய்க் கறை படாமல் பார்த்தேன், அவ்வளவு வித்தியாசம்.

மே 9

முடிச்சு பற்றி யாருமே பேசவில்லையே!

படத்தில் ஆஞ்சியரின் மனைவி ஜூலியா தண்ணீர்த் தொட்டிக்குள் கட்டவிழ்க்க முடியாமல் சாகிறாள். கையைக் கட்டியது போர்டன். சவ அடக்கத்தில் ஆஞ்சியர் கேட்பது ஒன்றே ஒன்று: எந்த முடிச்சு போட்டாய்? போர்டன் தெரியவில்லை என்கிறான். ஆஞ்சியருக்கு இது காதில் விழுந்த மிகக் கேவலமான பொய். பகை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் துப்பாக்கியில் வேலை செய்து போர்டனின் இரண்டு விரலைப் போக்குகிறான்.

போர்டன் ஒரு ஆள் இல்லை, ஒரே வாழ்க்கையை மாறிமாறி வாழும் இரட்டையர் என்று தெரிந்தபிறகு அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். சவ அடக்கத்துக்கு வந்தவன் முடிச்சு போட்டவன்தானா என்று நமக்குத் தெரியாது. அப்படியானால் 'தெரியவில்லை' என்பது படத்திலேயே பச்சை உண்மையாக இருக்கலாம். இரண்டு மணி நேரமும் பொய் சொல்கிறவன், உண்மை சொன்ன ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறான்.

விரல் போனபிறகு இன்னொரு சகோதரன் உளி வைத்துத் தன் விரலையும் வெட்டிக்கொள்கிறான், அந்தக் காட்சியை நான் தள்ளிவிட்டுத்தான் பார்ப்பேன். இந்தப் பக்கம் ஆஞ்சியர், ஒவ்வொரு இரவும் மேடைக்குக் கீழே தன் நகல் ஒன்று தண்ணீரில் மூழ்க, மேலே கைதட்டு வாங்குகிறான். யார் புத்திசாலி, யார் முட்டாள் என்று இதில் எப்படிப் பிரிப்பது?

மே 12

ஆற்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் பாரதக் கூத்து. இன்று படுகளம். வயலில் ஆள் உயரத்துக்குப் பல மடங்காக மண்ணில் துரியோதனனைப் படுக்கவைத்திருந்தார்கள், வாயைப் பிளந்து, கண்ணை உருட்டி. காலை பத்து மணிக்கே மண் சுட்டது. வீமன் கதாயுதத்தோடு சுற்றிச்சுற்றி ஓடுகிறான், துரியோதனன் அவனைக் கிண்டலடித்துக்கொண்டே தன் மண் உருவத்தின் மேலேயே ஏறி ஆடுகிறான், முழுசாக ஒரு மணி நேரம் யாராலும் யாரையும் வீழ்த்த முடியவில்லை. கிருஷ்ணர் வேஷக்காரர் ஓரமாக நின்று தொடையைத் தட்டினார். ஒரே ஒரு தட்டு. பக்கத்தில் நின்ற பெரியவர், "தா, காட்டிக் குடுத்துட்டாரு" என்று சலித்துக்கொண்டார். திரௌபதி பக்தர்தான் அவர், தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்தார். இருந்தும் அந்த ஒரு நொடி துரியோதனன் கட்சி.

கதாயுத்தத்தில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்ற விதி துரியோதனனுக்குத் தெரியும், தன்னைப்போல வீமனும் அதை மீறமாட்டான் என்று நம்பினான். எதிரியின் நேர்மையை நம்பி நின்றவன். இழையின் முதல் கேள்விக்கு இது பதிலா என்று தெரியவில்லை. வெயிலில் நின்றதில் தலைவலி.

மே 13

அம்மாவிடம் அட்டை கதையைச் சொன்னேன். அவருக்கு 74 வயது, அன்றைக்குத் தக்காளி என்ன விலை என்றுகூட நினைவிருக்கும். முள்ளுக்கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்.

"அந்தப் புள்ளையா? பாவம், அது வாசல்ல வந்து நிக்கும். 'அம்மா, என் கெமிஸ்ட்ரி நோட்டு'ன்னு. நீ உள்ள ஒளிஞ்சிக்குவ. நான்தான் இல்லப்பா, வெளியே போயிருக்கான்னு பொய் சொல்லி அனுப்புவேன்."

எனக்கு இது துளிகூட நினைவில்லை. எத்தனை தடவை என்று கேட்டேன். "அதையெல்லாமா எண்ணுவாங்க."

மே 18

பரணில் ஏறினேன். பழைய பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு அட்டைப் பெட்டி. கரப்பான் முட்டை, ரெக்கார்டு நோட்டு, நுழைவுத் தேர்வுக் கைடு, அப்புறம் பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒரு கெமிஸ்ட்ரி நோட்டு. பெயர் எழுதி ஒட்டியிருந்த சீட்டு பாதி கிழிந்திருக்கிறது. மீதி பாதியில் 'XII' மட்டும்.

கடைசிப் பக்கத்தில் பட்டியல் இருக்கிறது.

பன்னிரண்டு இல்லை, ஒன்பது கேள்வி. "சார் சொன்னது" என்று இருக்கிறது, "வெளியே விடாதே" இல்லை. கீழே இரண்டு கோடு. பென்சில்.

சிவப்பு எங்கே? வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், நோட்டு முழுதும் புரட்டினேன். சிவப்பு மை சார் போட்ட டிக் தவிர எங்கேயும் இல்லை. மேலே ஏப்ரல் 28ஆம் தேதி, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன் என்று நானே எழுதியிருக்கிறேன், சத்தியம் செய்கிற மாதிரி. சிவப்பு என்று எனக்குச் சொன்னது 2011இல் ரசம் வாங்கிக்கொண்டிருந்தவன்.

மே 18, மறுபடி

கையெழுத்து என்னுடையதுதானே என்று கேட்கிறீர்கள். அதைத்தான் ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டியூஷன் சார் சாய்த்து எழுதுவார், 'க'வின் வால் நீளமாக வரும். நாங்கள் இரண்டு பேருமே அவரைப் பார்த்து அப்படி எழுதப் பழகினோம். உள்ளே கோஆர்டினேஷன் காம்பவுண்ட்ஸ் வரவேண்டிய இடத்தில் நான்கு பக்கம் வெற்று.

ஓரத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது. யார் கட்டைவிரல் என்று கறை சொல்லாது.

மே 19

கல்யாணத்துக்கு வந்த இன்னொரு நண்பனிடம் அட்டையின் நம்பர் வாங்கினேன். கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். கீழே "இது ஞாபகம் இருக்கா?" என்று மட்டும். காலை 11.20. இரண்டு டிக் நீலமானது 11.22க்கு.

மதியம் கரண்ட் போனது, வந்தது, போனது. நாலு மணிக்கு 'டைப்பிங்' என்று காட்டியது, நின்றது.

மாலை 6.40க்குப் பதில்:

"எந்த நோட்டுடா மச்சி? உன்னுதா, என்னுதா?"